மீன் ஏன் இரையைக் கவ்வுகிறது: முதன்முறை தூண்டில் போடுவோருக்கு ஒரு வழிகாட்டி

தூண்டில் போடப் புதிதாகப் பழகுவோர் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த இரையைப் போட்டால் மீன் கடிக்கும்?" என்பதுதான். மண்புழு என்றோ மைதா மாவு என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதிலை மட்டும் நம்பி ஏரிக்கரைக்குப் போகிறவர் வெறுங்கையோடு திரும்பும் நாள்களே அதிகமாக இருக்கும். ஒரே படித்துறையில் அமர்ந்து, ஒரே கொட்டாங்குச்சியிலிருந்து எடுத்த மண்புழுவைப் போட்ட இருவரில், ஒருவருக்குக் கூடை நிறைய மீனும் மற்றவருக்கு ஒன்றுமில்லாமலும் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரை மீனின் வாய்க்குள் எப்படிப் போகிறது என்பதை அவ்விருவரில் ஒருவர் அறிந்திருந்தார் என்பதே அதற்குக் காரணம். ஆகவே, தமிழ்நாட்டு ஏரி, குளம், வாய்க்கால்களில் நமக்குக் கிடைக்கும் கெண்டை வகைகள், ஜிலேபி, கெளுத்தி, விரால் ஆகியவற்றை முன்னிறுத்தி, இந்த வழிகாட்டியை மீனின் வாயிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊர் ஏரிகள் பெரும்பாலும் மீன்பாசி குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரிடமோ ஊராட்சியிலோ கேட்காமல் தூண்டில் போடக்கூடாது. அணைகளில் மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். பறவைகள் சரணாலயங்களிலும் கோயில் குளங்களிலும் தூண்டிலை எடுக்கவே கூடாது.

வாயைப் பாருங்கள்

மீன் கடிக்கிறது என்று நாம் வழக்கமாகச் சொன்னாலும், நம் குளத்து மீன்களில் பெரும்பாலானவை இரையை உறிஞ்சியே எடுக்கின்றன. வாயையும் செவுள் மூடியையும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் விரித்து, தண்ணீரை உள்ளே இழுக்கின்றன. அந்தத் தண்ணீரோடு இரையும் மிதந்து உள்ளே போகிறது. போனதை வாய்க்குள்ளேயே சுவைத்துப் பார்த்து, பிடித்தால் விழுங்குகின்றன, பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடுகின்றன. கை இல்லாத உயிருக்குத் தொட்டுப் பார்ப்பதற்கும் வாய்தான் கருவி என்பதால், பசியில்லாத மீன்கூடப் புதிதாக எதையாவது கண்டால் ஒருமுறை வாயில் வைத்துப் பார்க்கும்.

ஒரு கோடைக்காலத்தில், தண்ணீர் தெளிந்து கிடந்த ஒரு குளத்தின் படியில் குனிந்து அமர்ந்து, முழ ஆழத்தில் நான் இறக்கிய புழுவைச் சுற்றி ஜிலேபிகள் என்ன செய்கின்றன என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மீன் புழுவுக்கு விரற்கடை தூரத்தில் வந்து நின்று, வாயைக் குவித்து இழுத்தது. புழு அதன் உதடுவரை வந்து, தூண்டில் நரம்பின் விறைப்பும் ஈயக்குண்டின் எடையும் தடுத்ததால் பாதியில் நின்று, மறுபடியும் தொங்கியது. அடுத்த மீனும் அவ்வாறே முயன்று விலகியது. இவ்வளவு நடந்தும் மேலே நரம்பில் கட்டி மிதக்கவிட்ட தக்கை அசையவே இல்லை. ஈயக்குண்டைப் பாதியாகக் குறைத்து, அதைத் தூண்டில் முள்ளிலிருந்து ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டியதும், அதே புழு தடையில்லாமல் உள்ளே போயிற்று. மேலே இருந்து பார்ப்பவர் "இங்கே மீனே இல்லை" என்று எழுந்து போயிருப்பார்.

எனவே முதற்படி, நீங்கள் தேடும் மீனின் வாய் எப்படி அமைந்திருக்கிறது என்று மீன் சந்தையில் நின்று பார்த்துக்கொள்வது. கெண்டை வகைகளுள் கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். அது மேல்மட்டத் தண்ணீரில் நுண்ணுயிர்களை வடித்துண்ணும் மீன். ரோகு நடுமட்டத்தில் மேயும். மிர்காலின் வாய் கீழ்நோக்கி இருப்பதால் அது தரையைத் துழாவித் தின்னும். தரையில் கிடக்கும் மாவுருண்டையைக் கட்லா தேடிக்கொண்டு வராது, மேலே மிதக்கும் இரையை மிர்கால் கவனிக்காது. கெண்டைக் குடும்பத்து மீன்களுக்குத் தாடையில் பல் இல்லை. தொண்டையில்தான் அரைக்கும் பற்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இரைப்பையும் கிடையாது, ஆகவே அவை ஒரே வேளையில் வயிறு நிறையத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வதில்லை; கொஞ்சம் கொஞ்சமாக நாளெல்லாம் மேய்கின்றன. விராலோ இதற்கு நேர்மாறானது. அகன்ற வாயும் கூரிய பற்களும் இரைப்பையும் கொண்ட அது, ஒரு தவளையையோ கெண்டைக் குஞ்சையோ முழுதாக விழுங்கினால் பிறகு நெடுநேரம் செடிக்கடியில் அசையாமல் கிடக்கும். கெண்டைக்குச் சிறிய மென்மையான இரையையும், விராலுக்கு அசைந்தோடும் பெரிய இரையையும் போடச் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

கருவியை இலேசாக்குங்கள்

புதியவர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது தடித்த நரம்பு, பெரிய முள், கனத்த ஈயம் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டுவது. பெரிய மீன் மாட்டினால் அறுந்துவிடும் என்ற அச்சத்தால் அப்படிச் செய்கிறார்கள். அந்தப் பெரிய மீன் இரையை உறிஞ்சக்கூட முடியாமல் போகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஜிலேபிக்கும் சிறு கெண்டைக்கும் 0.20 மில்லிமீட்டர் நரம்பும், 10 அல்லது 12ஆம் எண் முள்ளும் போதும். முள்ளின் எண் கூடக்கூட அதன் அளவு குறையும் என்பதைக் கடையில் வாங்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தக்கைக்கு நெட்டித் துண்டோ மயிலிறகின் தண்டோ இருந்தால், கடையில் விற்கும் பருத்த பிளாஸ்டிக் தக்கையைவிட அது நன்றாக வேலை செய்யும், ஏனெனில் மெல்லிய தண்டைக் கீழே இழுக்க மீனுக்கு வலு தேவைப்படுவதில்லை. தக்கையின் நுனி மட்டும் ஓர் அங்குலம் நீருக்கு மேலே தெரியுமாறு ஈயத்தைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்யுங்கள். இந்த ஒரு வேலைக்குப் பத்து நிமிடம் செலவிடத் தயங்காதீர்கள்.

இரையைத் தயாரித்தல்

மீன் இரையை மூன்று வழிகளில் அறிகிறது: மணமும் சுவையும், நீரின் அதிர்வு, கண். எந்த மீன் எதை அதிகம் நம்புகிறது என்பதைப் பொறுத்தே இரை அமைய வேண்டும்.

கெளுத்தி கலங்கிய நீரிலும் இருட்டிலும் இரை தேடும் மீன். அதன் மீசைகளிலும் உடல் தோலிலும்கூடச் சுவை மொட்டுகள் பரவியிருப்பதால், அது உடம்பு முழுவதையும் நாக்காகப் பயன்படுத்துகிறது என்றே சொல்லலாம். கோழிக் குடல், இறால் தலை, நறுக்கிய மண்புழு என நீரில் சாறு கசியும் எதுவும் அதை இழுக்கும். முழுப் புழுவைக் கோக்கும்போது ஓரிடத்தில் கிள்ளிவிட்டால் அந்தச் சாறு கசிந்து நீரில் பரவும். மண்புழுவை மாட்டுத் தொழுவத்தின் பின்புறத்திலோ வாழையடியிலோ தோண்டி எடுத்து, ஈரமண் போட்ட கொட்டாங்குச்சியில் நிழலில் வைத்திருங்கள். முள்ளின் வளைவு மறையுமளவு கோத்துவிட்டு, வால் பக்கம் அரை அங்குலம் தொங்கி நெளியவேண்டும். அதற்கு மேல் தொங்கினால் மீன் அந்தத் தொங்கலை மட்டும் பிய்த்துக்கொண்டு போகும்.

ரோகு, மிர்கால் போன்ற வளர்ப்புக் கெண்டைகளுக்கு மாவு இரை. இரண்டு பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு பொடித்த கடலைப் புண்ணாக்கும் ஒரு கைப்பிடித் தவிடும் சேர்த்து, சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாகப் பிசையுங்கள். அதில் சிறிதளவு பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்தால் மாவு முள்ளில் பிடித்து நிற்கும். பிசைந்ததை உடனே குளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வீட்டிலேயே ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி, முள்ளில் கோத்த உருண்டையை அதில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் உதிர்ந்தால் மாவு இளக்கம். கால்மணி நேரமாகியும் தண்ணீர் தெளிவாகவே இருந்தால் மாவு கல்லாகிவிட்டது என்று பொருள். உருண்டையின் மேற்புறம் மட்டும் மெல்லக் கரைந்து, புகை இறங்குவதுபோல ஒரு கலங்கல் கீழே வழியவேண்டும். அந்தக் கலங்கலைத் தொடர்ந்து வந்துதான் கெண்டை உங்கள் முள்ளைக் கண்டுபிடிக்கிறது.

சோப்பு, சென்ட், புகையிலை, கொசு விரட்டி ஆகியவை பட்ட கையால் இரையைத் தொடாதீர்கள். குளத்தில் இறங்கியதும் கரைச் சேற்றைக் கையில் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிறகு புழுவை எடுங்கள்.

மீனை ஓரிடத்துக்கு வரப் பழக்குவதும் இரையின் ஒரு பகுதியே. கோயில் குளத்துப் படியில் காலடி பட்டதுமே பொரிக்காக மீன்கள் திரண்டு வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். மீனுக்கு நினைவு உண்டு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. நீங்கள் தூண்டில் போடும் இடத்தில், முள்ளில் கோக்கும் அதே மாவையும் தவிட்டையும் நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக நான்கைந்து போட்டுவிட்டு அரைமணி நேரம் காத்திருங்கள். அள்ளிக் கொட்டிவிடக் கூடாது. வயிறு நிறைந்த மீன் முள்ளில் இருப்பதைத் தேடாது.

இடமும் நேரமும்

மீனின் உடல்சூடு அது வாழும் தண்ணீரின் சூடுதான். நீர் சூடானால் அதன் செரிமானம் விரைவாகி, பசி கூடும்; ஆனால் சூடான நீரில் கரையும் ஆக்சிஜன் குறைவு. 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது. சித்திரை, வைகாசி மாதங்களின் நடுப்பகலில் ஆழமில்லாத ஏரியில் கெண்டைகள் இரை எடுக்காமல் ஒதுங்குவது இதனால்தான்.

விடியற்காலையே சிறந்த நேரம் என்று பலரும் சொல்வார்கள். அது எல்லா நீர்நிலைகளுக்கும் பொருந்தாது என்பது என் அனுபவம். செடியும் பாசியும் மண்டிய குளத்தில் இரவு முழுவதும் அந்தத் தாவரங்களும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் அது மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டு, பசியென்று நினைத்து அங்கே இரையைப் போட்டால் பயன் இருக்காது. அவை மூச்சுக்குத் தவிக்கின்றன. வெயில் ஏறி ஓரிரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் முயன்று பாருங்கள். மதகிலிருந்தும் கலிங்கிலிருந்தும் தண்ணீர் விழும் இடங்களில் ஆக்சிஜனும் இரையும் ஒன்றாகச் சேர்வதால், அங்கே எந்த நேரமும் நல்ல நேரமே. திறந்த ஏரியில் காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரைதான் நல்லது. மிதக்கும் பூச்சிகளையும் நுண்ணுயிர்களையும் அலை அங்கேதான் கொண்டுவந்து ஒதுக்கும். முகத்தில் காற்று படுவது தொந்தரவாக இருந்தாலும் அங்கேயே அமருங்கள்.

விரால் இந்தக் கணக்குக்கு உட்படாது. செவுளுக்கு மேலே உள்ள அறைகளால் நேரடியாகக் காற்றைச் சுவாசிப்பதால், கெண்டைகள் சோர்ந்துவிட்ட வெயில் நேரத்திலும் அது வேட்டையாடும்.

கரையில் அமர்வதற்கும் முறை உண்டு. நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, ஏறத்தாழ 97 பாகை விரிவுள்ள ஒரு வட்டச் சாளரத்தின் வழியாகவே வெளியுலகம் தெரிகிறது. கரையோரத்தில் நிமிர்ந்து நிற்பவர் அந்தச் சாளரத்துக்குள் நன்றாகத் தெரிவார். பின்தள்ளிக் குனிந்து அமர்பவர் அதன் விளிம்பில் நசுங்கிப்போன கீற்றாகவே தெரிவார். கெண்டைக்கும் கெளுத்திக்கும் காற்றுப்பையை உட்செவியோடு இணைக்கும் சிறு எலும்புகள் இருப்பதால் அவற்றின் செவி மிகக் கூர்மையானது. ஒலி நீரில் காற்றைவிட நான்கு மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் செல்லும். படியில் வாளியை இழுப்பதும், கரையில் செருப்புக் காலால் தொப்பென்று மிதிப்பதும் அவற்றுக்கு உடனே எட்டிவிடும். மெல்லப் பேசுவதால் பெரிய கெடுதல் இல்லை, தரை அதிராமல் நடப்பதே முக்கியம்.

தக்கையைப் படித்தல்

இரையை இறக்கிய பிறகு தக்கைதான் உங்கள் கண். தக்கை மளமளவென்று துடித்து நின்றால் சிறு கெண்டைகள் இரையைக் கொத்துகின்றன. அப்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். இரண்டு மூன்று சிறு அசைவுகளுக்குப் பின் தக்கை பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனால் அது பெரும்பாலும் ஜிலேபி, அந்த நகர்விலேயே மணிக்கட்டை மட்டும் சுண்டி இழுங்கள். நின்றிருந்த தக்கை உயர்ந்து, நீரின்மேல் படுத்துக்கொண்டால் தரையில் மேயும் மீன் இரையோடு ஈயத்தையும் தூக்கிவிட்டது என்று அறியலாம். தக்கை மூழ்கவில்லையே என்று காத்திருந்தால் அது துப்பிவிடும், அப்போதே இழுக்க வேண்டும். கெளுத்தி தயக்கமில்லாமல் ஒரே இழுப்பாகக் கீழே கொண்டுபோகும். கோலைத் தலைக்கு மேல் வீசி இழுப்பது எந்த மீனுக்கும் வேண்டாம். கெண்டையின் உதடு மெல்லியது, கிழிந்துவிடும்.

செயற்கை இரையும் விராலும்

மணமும் சுவையும் இல்லாத ரப்பர் தவளையையும் தகட்டு ஸ்பூனையும் மீன் ஏன் கவ்வ வேண்டும்? மீனின் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பு, அருகிலுள்ள நீரின் மிகச் சிறிய அசைவையும் உணர்கிறது. இரை தப்பித்து ஓடுவதுபோல ஓர் அதிர்வும், கண்ணில் ஓர் உருவமும் ஒன்றாகச் சேர்ந்தால், ஆய்ந்து பார்க்க விராலுக்கு நேரமில்லை. இப்போது பாயாவிட்டால் இரை போய்விடும். ஆகவே செயற்கை இரையை விற்கும் கடைக்காரர் நிறத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும், நீங்கள் அசைவைப் பற்றிக் கவலைப்படுங்கள். கீழிருந்து வானத்தைப் பார்க்கும் மீனுக்கு மேலே மிதக்கும் தவளை ஒரு கறுத்த நிழலுருவாகவே தெரியும்.

தாமரை, ஆகாயத்தாமரை படர்ந்த குளத்தில் விரால் மூச்சுக்கு மேலே வந்து, நீர்வளையத்தையும் சில குமிழிகளையும் விட்டுச் செல்லும் இடத்தை முதலில் கண்டுகொள்ளுங்கள். வளையத்தின்மேலேயே தவளையை எறிந்தால் விரால் மிரண்டு ஓடும். அதற்கு ஐந்தாறு அடி அப்பால் எறிந்து, இலைகளின்மேல் துள்ளத் துள்ள இழுத்து வந்து, இலைகளுக்கு நடுவே நீர் தெரியும் இடைவெளிக்கு வந்ததும் இழுப்பதை நிறுத்துங்கள். மூன்று நான்கு வரை எண்ணுங்கள். பெரும்பாலான பாய்ச்சல்கள் அந்த அசையாத கணத்தில்தான் வருகின்றன. நீர் வெடித்துச் சிதறும்போது பதற்றத்தில் உடனே இழுப்பதுதான் எல்லோருக்கும் இயல்பு. அப்படி இழுத்தால் தவளை அதன் வாயிலிருந்து பறந்து வந்துவிடும். நரம்பில் மீனின் எடை தெரியும்வரை ஒரு நொடி பொறுத்து, அதன்பின் வலுவாக இழுங்கள். மெல்லிய நரம்பு பற்றி முன்பு சொன்னது இங்கே பொருந்தாது. செடிகளுக்குள் புகும் விராலை வெளியே கொண்டுவர, பல இழைகள் சேர்ந்த வலுவான முறுக்கு நரம்பு வேண்டும்.

பசியில்லாமலும் மீன் தாக்கும். ஆண் ஜிலேபி, ஆழமில்லாத தரையில் தட்டுப்போலக் குழி பறித்து அதைக் காவல் காக்கும். குழியில் விழுந்த புழுவை வாயில் எடுத்து வெளியே கொண்டுபோய்ப் போடும். பெண் ஜிலேபியோ முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் நாள்களில் இரை எடுப்பதையே நிறுத்திவிடும், அதற்கு முன்னால் எதை ஆட்டினாலும் பயனில்லை. தாய் விராலும் தந்தை விராலும் செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டத்தின் அடியில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, அருகில் விழும் எதன்மீதும் சீறிப் பாயும். அப்போது அவற்றைப் பிடிப்பது மிக எளிது. தயவுசெய்து பிடிக்காதீர்கள். காவல் போனால் நூற்றுக்கணக்கான குஞ்சுகளைச் சற்று நேரத்திலேயே மற்ற மீன்களும் நீர்க்காகங்களும் தின்று தீர்த்துவிடும். அந்தக் குளத்தில் அடுத்த ஆண்டுக்கு விரால் இருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

கடிக்கவில்லையென்றால்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். முதலில் ஆழத்தை மாற்றுங்கள்: தக்கையை ஒரு சாண் மேலேயும், பிறகு ஒரு சாண் கீழேயும் நகர்த்திப் பாருங்கள். அடுத்து இரையின் அளவைப் பாதியாக்குங்கள். அதன்பின் ஈயத்தைக் குறையுங்கள். இடத்தை மாற்றுவதும் இரையின் வகையை மாற்றுவதும் இறுதியில்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இருபது நிமிடமாவது கொடுத்தால், மீன் எதற்கு இசைந்தது என்பது உங்களுக்கே தெரியவரும். மறுநாள் அதிலிருந்து தொடங்கலாம்.

மாட்டிய மீனைக் கழற்றும்போது ஈரக் கையால் பிடியுங்கள். கெளுத்தியின் மூன்று முட்களும் குத்தினால் கடுக்கும். கெளுத்தியைப் போலவே மீசையுள்ள தேளி மீனின் பக்கமுள் நச்சுள்ளது, அந்த மீனை வெறுங்கையால் தொடாமல் தூண்டில் முள்ளைக் குறடால் எடுங்கள். அறுந்த நரம்பைக் கரையில் விட்டுவராதீர்கள், கொக்கின் காலில் அது சுற்றிக்கொள்ளும்.

வீட்டில் மீனைக் கழுவும்போது அருவாமனையின் அருகே நீங்களும் இருங்கள். விராலின் இரைப்பையைக் கீறிப் பார்த்தால் உள்ளே இருப்பது கெண்டைக் குஞ்சா, இறாலா, தவளையா என்பது தெரியும். கெண்டைக்கு இரைப்பை இல்லாததால் அதன் நீண்ட குடலின் முன்பகுதியைப் பிதுக்கிப் பாருங்கள். பச்சையாக வந்தால் பாசி, கறுப்பாக வந்தால் தரைச் சேறு, வெளுப்பாக வந்தால் நீங்கள் போட்ட மாவேதான். நாளைக் காலை என்ன இரையை, எந்த ஆழத்தில் போட வேண்டும் என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.